சீட்டில்லாத மூட்டை

வாருங்கள். வேலை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கால் மணி நேரம் போதும். மேலப்பாளையத்தில், தறிச் சத்தம் ஒரு பக்கமும் பீடி சுற்றும் பெண்களின் பேச்சு மறுபக்கமும் கேட்கும் ஒரு முடுக்குச் சந்தில், தகரக் கொட்டகையின் முன்னே வந்து நில்லுங்கள். அங்கே ஓர் உயிர் தன் முன் வைக்கப்பட்ட வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். அந்த வாளியைப் பாருங்கள். வாளிக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் மூட்டையைப் பாருங்கள். மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைப் பாருங்கள். நடந்தது அநீதி என்று எந்தக் காவல் நிலையமும் எழுதிக்கொள்ளாது. ஆகவே உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அந்த உயிரின் பெயர் ஜரிகை. பெண் மட்டக்குதிரை. நிமிர்ந்து நின்றாலும் அதன் முதுகு ஓர் ஆளின் நெஞ்சைத் தாண்டாது. செம்பழுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்குவரை கோணாமல் இறங்கும் ஒரு வெள்ளைக் கோடு. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த அக்தர் பானு அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் அது. அவளுடைய கணவன் நூர்முகம்மது, பதினோரு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் ஒரு செல்வரின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். சாணம் அள்ளினான், குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினான், அளந்து தீவனம் கலந்தான். ஊர் திரும்பியவர்கள் மாடி கட்டினார்கள், கடை வைத்தார்கள். அவனோ அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு மட்டக்குதிரையோடு வந்து இறங்கினான். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பதும் பெருநாள் திடலில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதும் ஜரிகையின் தொழில். ஆனால் தொழிலுக்காக மட்டும் அவன் அதை வாங்கவில்லை. பதினோரு ஆண்டுகள் பிறர் குதிரைக்கு ஊட்டிய கை, தன்னுடையது என்று ஓர் உயிருக்கு ஊட்ட விரும்பியது. இதில் என்ன குற்றம்?

ஜரிகைக்கு வாய் நுட்பமானது. வயிறு அதைவிட நுட்பமானது. வைக்கோல் போட்டால் வயிற்றுச் சூலை வந்து தரையில் புரளும். சோளம் வைத்தால் வயிறு உப்பும். பழத்தோல் கொடுத்த அன்று முழுவதும் கழிந்தது. சரி, குதிரைக்கென்றே விளைந்த கொள்ளை ஊறவைத்துக் கொடுத்தால், ஊதித் தள்ளிவிட்டு அவனைப் பார்க்கும்.

எதிர்வீட்டு அலிமா பீவிக்கு அது தீராத வேடிக்கை. மடியில் பீடித் தட்டு, கையில் கத்தரிக்கோல், வாயில் கேலி. "ஏ நூரு! கொள்ளு திங்காத குதிரைய இந்தத் திருநவேலிச் சீமையிலயே நீதாம்லே வச்சிருக்கே. பிரியாணி வச்சுப் பாத்தியா?"

"வச்சேன் சாச்சி. லெக்பீஸ் இல்லன்னு போயிருச்சு" என்பான் நூர்முகம்மது.

கால்நடை மருத்துவர் இசக்கிச்செல்வி ஒருநாள் வந்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, பல்லைத் திறந்து பார்த்து, வழி சொன்னார். அருகம்புல்லே முக்கிய உணவு. கூட ஒரு கைப்பிடி ஊறவைத்த கோதுமைத் தவிடு. இனிப்பு மட்டும் ஆகவே ஆகாது. "இனிப்பு அதிகமாச்சுன்னா குளம்புக்குள்ள வீங்கிரும் பாய். அப்புறம் காலை ஊன்றாது" என்றார். அன்று முதல் நாள்தோறும் விடியற்காலையில் நூர்முகம்மது கருப்பந்துறைப் பக்கம் மொபெட்டில் போய், தாமிரபரணிக் கரையில் அருகம்புல் அறுத்து, ஆற்றிலேயே அலசி, கோணியில் கட்டி வந்தான். ஜரிகை தின்றது, மினுமினுத்தது. எட்டு மாதம் அந்த வீட்டில் குதிரையின் வயிற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை.

மார்கழியில் ஆறு கரையேறிற்று. வீடுகளுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் படம் பிடித்தார்கள், பொட்டலம் கொடுத்தார்கள், போனார்கள். கரையில் வடியாமல் நின்றது வண்டல். முழங்கால் அளவு வண்டலுக்குக் கீழே அருகம்புல் அழுகியது. மேலே தலைகாட்டியதை அறுத்து வந்து ஏழு தண்ணீரில் அலசினாலும் மண் பல்லில் நறநறத்தது. மண் தின்றால் குதிரைக்குக் குடல் அடைக்கும். அது அவனுக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து காய்ந்த புல் அனுப்புகிறேன் என்ற வியாபாரி பத்து நாள் ஆகும் என்றான். தவிட்டை மட்டும் மூன்று வாய் தின்றுவிட்டு ஜரிகை நிறுத்திக்கொண்டது. நான்காம் நாள் விலா எலும்புகள் தெரிந்தன.

மருத்துவர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாய், மாடு மாதிரி குதிரை பட்டினி தாங்காது. வயிறு காலியாவே கெடந்தா குடல் மடங்கிரும். ரெண்டு நாளைக்குள்ள எதையாவது திங்க வைங்க."

இரண்டு நாள். அந்தச் சொல்லோடுதான் புதன்கிழமை காலை நூர்முகம்மது தாணுமாலையன் கடைக்குப் போனான்.

சந்தைக்குப் பின்புறம் இருக்கும் அந்தத் தீவனக் கடை பழைய கடை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, கோழித் தீவனம், மீன் தீவனம் எல்லாம் மூட்டை மூட்டையாக உத்தரம்வரை அடுக்கியிருக்கும். தாணுமாலையன் கல்லாவில் திருநீற்று நெற்றியோடு அமர்ந்திருப்பார். அவர் கெட்டவரல்லர், வெள்ளத்தில் பட்டினி கிடந்த ஆடுமாடுகளுக்கு இரண்டு வண்டித் தவிட்டைச் சும்மா இறக்கியவர். இதை மறைக்க மாட்டேன். கெட்டவர்கள் செய்யும் கேடு மட்டுமே கேடு என்று நம்பியிருந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

"வாரும் பாய். உம்ம குதிரை உண்ணாவிரதத்த இன்னும் முடிக்கலையோ?"

"இல்ல அண்ணாச்சி. புல்லு பூரா மண்ணு. காஞ்ச புல்லு எங்கயாவது கிடைக்குமா?"

"இந்த வெள்ளத்துல காஞ்ச மனுசனையே பாக்க முடியல. காஞ்ச புல்லுக்கு நான் எங்கன போவேன்?" அவர் எழுந்து உள்ளே கைகாட்டினார். "அந்தக் கலவைய எடுத்துட்டுப் போரும். ஆடு, மாடு, எல்லாம் போட்டி போட்டுல்லா திங்குது."

நூர்முகம்மது மூட்டை வாயின் ஓர் இடைவெளியில் விரல்களை விட்டுக் கொஞ்சம் எடுத்தான். சுண்டுவிரல் நுனியளவு குச்சிகளாய், அழுத்தித் திரட்டிய தீவனம். இடையிடையே தூள். வளைகுடாவில் அவன் பதினோரு ஆண்டுகள் அள்ளிய குதிரைத் தீவனமும் பார்வைக்கு இதே குச்சிதான். நெஞ்சில் ஒரு நம்பிக்கை எழுந்தது. ஆனால் மூட்டையின் வாயைப் பார்த்தபோது கை நின்றது. ஆலையில் தைத்த வெள்ளை நூல் அறுக்கப்பட்டு, சணல் கயிற்றால் மறுபடி தைத்திருந்தது. ஓரத்தில் சீட்டு தைத்திருந்த இடத்தில் கிழிந்த காகிதத்தின் விளிம்பு மட்டும் பல்லைக் காட்டியது.

"இதுல என்னென்ன இருக்கு அண்ணாச்சி? சீட்டக் காணோமே."

தாணுமாலையன் சிரித்தார். "சீட்டத் திங்கவா போவுது உம்ம குதிரை? நாப்பது வருசமா இங்கன யாவாரம் பண்ணுதேன் வே. என் மூஞ்சியப் பாரும். இதாம் சீட்டு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூர்முகம்மதுவும் சிரித்தான்.

வளைகுடா லாயத்தில் சீட்டில்லாத மூட்டை வாசலைத் தாண்டாது. ஒவ்வொரு மூட்டையின் சீட்டையும் படித்து, மூட்டையின் எண்ணை ஒரு பலகையில் எழுதிய பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் பதினோரு ஆண்டுகள் ஒருநாளும் மீறாதவன் இந்த நூர்முகம்மது. ஆனால் இது சொந்த ஊர். இங்கே சீட்டைக் கேட்பது, முகத்தை நம்பவில்லை என்று சொல்வதாகும். இரண்டாம் முறை கேட்டால் வாடிக்கை முறியும். மனிதர்களுக்கு இடையே இருக்கும் மரியாதை என்று நாம் இதை மெச்சிக்கொள்கிறோம். அயல் நாட்டில் கூலியாக நின்று கேட்க முடிந்த ஒரு கேள்வியை, சொந்த ஊரில் காசு கொடுத்து வாங்குகிறவனாக நின்று கேட்க முடியவில்லை என்றால், அது மரியாதையா, வாய்ப்பூட்டா?

மூட்டையைத் தூக்கிய சுமைக்காரர் பிச்சைக்கண்ணு ஒரு கணம் தயங்கினார். "பாய், இது குதிரைக்கா…"

"ஏலே பிச்சைக்கண்ணு, பேசிட்டு நிக்காம வண்டில ஏத்து. வெளிய லோடு நிக்குதுல்லா."

பிச்சைக்கண்ணு ஏற்றினார்.

அன்று மதியம் ஜரிகையின் முன் முதல் வாளி வைக்கப்பட்டது. நான் உங்களை வந்து நிற்கச் சொன்னது இங்கேதான். குதிரை மூக்கை இறக்கியது, மேலுதடு சுருண்டது, ஒரு சீறல். பின்வாங்கிக் கயிற்றின் எல்லைவரை போய் நின்றது. நான்கு நாள் பட்டினி கிடந்த உயிர், நிறைந்த வாளியிலிருந்து விலகி நின்றது.

அலிமா பீவி தட்டை இறக்கி வைத்துவிட்டே வந்துவிட்டாள். "பாத்தியளா! குமருக்கு மாப்பிள்ளை பாக்க மாதிரில்லா இவன் தீவனம் பாக்கான். இவளுக்கு எவனையும் பிடிக்கல!"

முடுக்கு முழுதும் சிரித்தது.

வியாழன் காலை இரண்டாம் வாளி. இம்முறை ஜரிகை முகரவும் இல்லை, முன்னங்காலால் உதைத்தது. வாளி உருண்டு குச்சிகள் சிதறின. அவற்றைக் கூட்டி அள்ளிய அக்தர் பானு, கையை மூக்கருகே கொண்டுபோய் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏங்க, கருவாட்டு வாசம் வருது."

"கடைக்கு அடுத்தாப்புல கருவாட்டுக் கடை. ஒட்டியிருக்கும்."

"அது வேண்டாங்குது. விட்ருங்களேன்."

"விட்டா என்னத்தத் திங்கும் பானு? டாக்டரம்மா சொன்ன கெடு இன்னையோட முடியுது. இது அடம். குதிரை அடம் எனக்குத் தெரியாதா? பதினோரு வருசம் பாத்தவன்."

"அடமா பயமான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

மாலை, மூன்றாம் வாளி. ஜரிகை மூக்கை வாளிக்கு அருகே கொண்டு போய், மூச்சை விட்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதன் கழுத்து நடுங்குவதை அவன் தன் கன்னத்தில் உணர்ந்தான். பட்டினி நடுக்கம் என்று நினைத்தான், பதறினான்.

அப்போது அலிமா பீவி, கேலியாக அல்ல, உள்ளபடியே இரங்கிச் சொன்னாள்: "ஏ நூரு, நம்ம புள்ளையளுக்குக் கசப்பு மருந்து எப்படிக் குடுக்கோம்? கருப்பட்டில கொழைச்சுத்தானே? ஒரு துண்டக் கரைச்சு மேல தெளிச்சுப் பாரு. ஒரு நாளைக்குக் குடுத்தா குளம்பு ஒண்ணும் கழண்டு விழுந்துராது."

மருத்துவரின் தடை அவன் நினைவுக்கு வராமல் இல்லை. இனிப்பு நாளை காலில் வரும் கேடு. பட்டினி இன்றே வரும் சாவு என்று அவன் கணக்கிட்டான். உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து, வாளியில் ஊற்றிப் பிசைந்தான். இருண்ட பாகின் மணம் எழுந்தது. கருவாட்டு வாசம் அதற்குள் மூழ்கியது.

ஜரிகை முகர்ந்தது. நக்கியது. பிறகு தின்னத் தொடங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் நூர்முகம்மது. முடுக்கில் கைதட்டினார்கள். பீடிக்காரப் பெண்கள் குலவையிடாத குறை. ஒருத்தி ஓடிப்போய் இன்னொரு துண்டு கருப்பட்டி கொண்டுவந்தாள். அக்தர் பானு மட்டும் கொட்டகைத் தூணைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் இடையில் ஜரிகை தலையை நிமிர்த்தி நூர்முகம்மதுவின் முகத்தைப் பார்த்ததை அவள் கவனித்தாள். கடைக்காரர் முகத்தை அவன் நம்பினான். அவன் முகத்தை அது நம்பியது. வாளி காலியாயிற்று.

வெள்ளி விடியலில், சுபுஹு தொழுகைக்கு எழுந்த அக்தர் பானுதான் முதலில் பார்த்தாள். குளிர்ந்த மார்கழிக் காற்றில் ஜரிகை வேர்வையில் நனைந்து நின்றது. முன்னங்கால்கள் அகன்றிருந்தன. பின்னங்கால்கள் கட்டுப்பாடின்றி ஒன்றன்மேல் ஒன்று தட்டின. தரையில் தேங்கியிருந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விலாவுக்குக் கீழே இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தறியின் நாடாக்கட்டை குறுக்கே ஓடுவது போல, நிற்காமல், தவறித் தவறி.

மருத்துவர் இசக்கிச்செல்வி ஒன்பது மணிக்கு வந்தார். துடிப்பு கேட்கும் குழாயை நெஞ்சில் வைத்தவர் அதை நெடுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் முதலில் கேட்டது மருந்துப் பெட்டியை அல்ல.

"மூட்டை எங்க பாய்? சீட்டக் காட்டுங்க."

"சீட்டு இல்ல டாக்டரம்மா."

அவர் ஒரு கைப்பிடிக் குச்சிகளைத் தண்ணீரில் கரைத்தார், முகர்ந்தார். கோழித் தீவனத்தில் சேர்க்கும் மீன் தூள். உடனே தாணுமாலையனைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"அண்ணாச்சி, நூர்முகம்மது பாய்க்குக் குடுத்தீங்களே கலவை, அதுல கோழித் தீவனம் இருக்கா?"

"கொஞ்சம் சேந்திருக்கும்மா. அதுக்கென்ன? மாடு திங்குது, ஆடு திங்குது, பாலு கூடத்தாம்மா கறக்குது."

"எந்தக் கோழித் தீவனம்? அதுல என்ன மருந்து? எனக்குச் சீட்டு வேணும்."

"கூட்டி அள்ளுன தூளுக்கு எங்கன சீட்டு இருக்கும்? என்னம்மா, குதிரைக்கு வயித்து வலியா? ஓமத்தண்ணி குடுங்க, சரியாப்போவும்."

மருத்துவர் தொடர்பைத் துண்டித்தார். அவர் நூர்முகம்மதுவிடம் பேசினார். ஆனால் எல்லாரும் கேட்கத்தான் பேசினார்.

"பண்ணைக் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராம இருக்கத் தீவனத்துலயே ஒரு மருந்து கலப்பாங்க. கோழி தாங்கும். மாடும் ஆடும் ஓரளவுக்குத் தாங்கும். குதிரை தாங்காது. நேரா நெஞ்சுல போய்ப் பிடிக்கும். அதுக்கு மாத்து மருந்து கிடையாது பாய். வயித்துல மிச்சம் இருக்கத உறிய கரித்தூள் குடுக்கேன். என்ன மருந்து, எவ்வளவுன்னு தெரிஞ்சா, பிழைக்குமா பிழைக்காதான்னாவது சொல்லலாம். போய்ச் சீட்டத் தேடுங்க."

மொபெட்டை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கடையில் தாணுமாலையன் இல்லை, வசூலுக்குப் போயிருந்தார். பிச்சைக்கண்ணு அவனைக் கண்டதும் முகம் வெளிறி, கேட்கும் முன்பே கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கேதான் அந்தத் தொழில்முறை கண்ணுக்கு முன் கிடந்தது. அந்தியில் கடை அடைக்கும் முன், உடைந்த மூட்டைகளிலிருந்து சிந்தியதையெல்லாம் விளக்குமாற்றால் ஒரே குவியலாகக் கூட்டுவார்கள். பண்ணைகளிலிருந்து திரும்பி வரும் அரை மூட்டைகளையும் அதன்மேல் கொட்டுவார்கள். மண்வெட்டியால் புரட்டி, பழைய மூட்டைகளில் நிரப்பி, சணலால் தைப்பார்கள். அதன் பெயர் கலவை. வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம் அது. நாற்பது ஆண்டுகளாக எந்த மாடும் சாகவில்லை. எனவே நாற்பது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

"சீட்டெல்லாம் எங்க?"

பிச்சைக்கண்ணு ஒரு தகர டின்னைக் கவிழ்த்தார். கிழிந்த சீட்டுகள், நாற்பதோ ஐம்பதோ, நமத்துப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "நாந்தாம் பாய் கிழிப்பேன். சீட்டு இருந்தா அது தனித்தனி மூட்டை. கிழிச்சுட்டா எல்லாம் ஒரே மூட்டை. அன்னைக்குக் குதிரைக்கான்னு கேக்க வாயெடுத்தேன். கூலிக்காரன் வாயி… பாத்தீருல்லா."

இருவரும் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். எந்தச் சீட்டு எந்த மூட்டையினுடையது என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு சீட்டின் கீழ் விளிம்பில் நூர்முகம்மதுவின் விரல் நின்றது. குதிரைத் தலையின் சிறு படம். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில், ஒரு வரி. லாயத்தில் பதினோரு ஆண்டுகள் சீட்டுப் படித்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியும். குதிரைகளுக்குக் கொடுக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று அது சொன்னது.

எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. எவனோ ஓர் அதிகாரி அதற்காகச் சட்டம் எழுதினான். எவனோ ஒரு தொழிலாளி அதை மூட்டையில் தைத்தான். இந்தக் கடையின் பின்புறத்தில், பன்னிரண்டு அடி இடத்தில், அது குப்பையாயிற்று.

"இந்த வாரம் எத்தன மூட்ட கலவை தச்சீங்க?" என்று கேட்டான் நூர்முகம்மது.

"ஏழு. அஞ்சு, ஆடு மாட்டுக்காரங்க. ஒண்ணு நீரு. இன்னொண்ணு…" பிச்சைக்கண்ணு அந்தக் குதிரைத் தலைப் படத்தைப் பார்த்தார். "மேக்கருந்து ஒருத்தர் வந்தாரு. விக்கிரமசிங்கபுரம்னு சொன்ன ஞாபகம். பொருட்காட்சில புள்ளையள ஏத்திச் சுத்த ரெண்டு மட்டம் வச்சிருக்காராம். பேரு கேக்கல பாய்."

சீட்டோடு அவன் திரும்பியபோது பள்ளிவாசலில் வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கான பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. வாழ்வில் முதல் முறையாக அவன் அந்த அழைப்புக்கு எழவில்லை. மருத்துவர் சீட்டைப் படித்துவிட்டு மடித்து அவன் கையிலேயே வைத்தார். ஜரிகை படுத்துவிட்டது. தலை அக்தர் பானுவின் மடியில் இருந்தது. எழ முயன்றது; பின்னங்கால் வரவில்லை; மறுபடி முயன்றது. அதன் வாயருகே அலிமா பீவி ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நாந்தாம் கருப்பட்டி போடச் சொன்னேன், நாந்தாம் போடச் சொன்னேன்" என்று அவள் உதடு ஓயாமல் சொல்லிற்று. பிற்பகல், அசர் தொழுகை நேரத்தில், ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்த ஜரிகை அதை வெளியே விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் தாணுமாலையன் வந்தார். செருப்பை முடுக்கின் முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பல்ல.

"பாய், தெரிஞ்சு செய்வனா? என் புள்ளைய மேல சத்தியமா எனக்குத் தெரியாது." பிறகு கொட்டகை மூலையைப் பார்த்தார். "அந்த மிச்ச மூட்டையக் குடுத்துரும். வேற என்ன வேணும்னாலும் தாரேன். அது கெடந்தா உமக்கும் மனசு கஷ்டம். மாட்டுக்குன்னா ஆகும்."

மாட்டுக்கு ஆகும்! செத்துக் கிடக்கும் உயிரின் உடல் ஆறவில்லை. அந்த மூட்டை மறுபடி அடுக்கின்மேல் ஏறப் பார்க்கிறது. அவர் பேராசையால் கேட்கவில்லை. வழக்கம் அவர் வாயால் கேட்டது. அதனால்தான் அது பயங்கரம்.

அக்தர் பானு எழுந்தாள். கோணி ஊசியில் தறி நூலைக் கோத்தாள். கணவன் கையிலிருந்த சீட்டை வாங்கி, மூட்டையின் வாயில் வைத்து, எல்லாரும் பார்க்க, நான்கு பக்கமும் தைத்தாள். அவசரப்படாமல், பைய, ஒரு தையலும் கோணாமல் தைத்தாள். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"இது எங்கயும் வராது அண்ணாச்சி. நாளைக்கு இது கலெக்டர் ஆபீஸுக்குப் போவுது. நீங்க ஒண்ணு செய்ங்க. இதே கலவைய வாங்கிட்டுப் போன அந்த விக்கிரமசிங்கபுரத்து ஆளு யாருன்னு சொல்லுங்க."

நாற்பது ஆண்டுகள் முகம் பார்த்து வியாபாரம் செய்தவருக்கு அந்த ஒரு முகம் நினைவில் இல்லை.

சனிக்கிழமை அக்தர் பானு மூட்டையை ஆட்டோவில் ஏற்றி ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். விடுமுறை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். நூர்முகம்மது விடியலில் பேருந்தேறி விக்கிரமசிங்கபுரம் போனான். அங்குள்ள நூற்பாலையின் வாசலில் பணி முடிந்து சைக்கிளில் வந்தவர்களை நிறுத்திக் கேட்டான். டீக்கடையில் கேட்டான், லாடக்காரரிடம் கேட்டான், பொருட்காட்சி எந்த ஊரில் என்று பேருந்து நிலையத்தில் கேட்டான். பொருட்காட்சி கிளம்பிவிட்டது என்றார்கள். தென்காசி என்றார் ஒருவர். அம்பாசமுத்திரம் என்றார் ஒருவர். நான்கு நாள் அலைந்தான். அந்த மனிதர் கிடைக்கவில்லை. எங்கோ ஒரு திடலில் இரண்டு மட்டக்குதிரைகள் நிற்கின்றன. பெயர் தெரியாத அந்த மனிதர் அவற்றை நேசிக்கவும் கூடும். அவற்றின் முதுகில் யாருடைய பிள்ளையோ ஏறிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. நாளை காலை உங்கள் ஊர்த் தீவனக் கடைக்குப் போங்கள். மாடு இல்லாதவரும் போங்கள். ஆடு இல்லாதவரும் போங்கள். கடைக்காரர் உங்கள் மாமனாக இருந்தாலும் சரி, ஊர்த் தலைவராக இருந்தாலும் சரி, சீட்டு எங்கே என்று கேளுங்கள். சிரித்தால் இரண்டாம் முறை கேளுங்கள். வாடிக்கை முறியும் என்றால் முறியட்டும். சீட்டில்லாத மூட்டையைத் தெருவுக்கு இழுத்து வந்து, கால்நடை மருத்துவமனையின் வாசலில் போட்டு, இதில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேளுங்கள். அவர்கள் எழுதும்வரை அந்த வாசலை விட்டு அசையாதீர்கள்.